பேரலுக்கு யார் துணை

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சிஷ்யைக்கு நாற்பத்து மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குரு என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குருவின் பெயர் இசக்கியம்மாள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். பொதிகை மலையடிவாரத்தில், ஊரைவிட்டுத் தள்ளி இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் ரைபிள்களைப் பழுது பார்ப்பதும், சுடக் கற்றுக்கொடுப்பதும் அவள் வேலை. கழகத்தில் எல்லாரும் அவளை வாத்தியார் என்றார்கள்.

சிஷ்யையின் பெயர் மதுரவல்லி. கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. ‘அலைகளும் அதிர்வுகளும்’ என்ற பாடத்தைப் பதினெட்டு வருடமாக நடத்திவந்தாள். அவளும் இசக்கியை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டாள். இசக்கி அவளை அக்கா என்றாள்.

போன வருடம் மாநில அணித் தேர்வில் ஒரே ஒரு புள்ளியில் மதுரவல்லிக்கு இடம் போயிற்று. இந்த வருடமும் போனால் சுடுவதையே விட்டுவிடுகிறேன், ரைபிளைக் கழகத்திடம் ஒப்படைத்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். கோபத்தில் சொன்னது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். கணவர் அதை மறக்கவில்லை.

தேர்வுக்கு நாலு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மதுரவல்லியின் ரைபிளில், குண்டு பாய்ந்து வரும் குழலான பேரலுக்குக் கீழே இருந்த மரக்கட்டை ஈரத்தில் ஊதி, பேரலை உரச ஆரம்பித்தது. குண்டுகள் குறிக்கு மேலே ஏறின. மரத்தைக் கழற்றிவிட்டு ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு மாட்டுவது என்று முடிவாயிற்று.

இசக்கி மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தாள். மூன்றும் அலுமினியக் குழாய்கள். பேரலைச் சுற்றி உறை மாதிரி வரும். பின்முனை மட்டும் ரைபிளின் உடம்போடு திருகப்படும். அதற்கு முன்னால் எந்த இடத்திலும் பேரலைத் தொடாது. கையும், கையில் மாட்டும் தோல்வாரும் ஹேண்ட்கார்டைத்தான் பிடிக்கும், இழுக்கும். பேரல் தன் போக்கில் இருக்கும்.

“எது நல்லது வாத்தியாரே?”

“எதுக்கு?”

“எதுக்கா? சுடறதுக்குத்தான். கோலம் போடறதுக்கா கேக்கறேன்?”

“மூணும் சுடும்.”

“சரி. எனக்கு எது நல்லது?”

“அத நான் எப்படிக்கா சொல்ல?”

“நீங்க சொல்லாம வேற யார் சொல்லுவாங்க? டாக்டர்கிட்ட போனா அவர் ஒரு மாத்திரையை எழுதித் தருவார். மூணு மாத்திரையை முன்னாடி வச்சுட்டு, எது வேணும்னு நம்மளைக் கேக்க மாட்டார்.”

“டாக்டரு நாடி பாப்பாருல்லா. இருங்க.”

இசக்கி ஒரு சாக்பீஸை நசுக்கிப் பொடியாக்கினாள். மதுரவல்லியின் இடது உள்ளங்கையில் பூசினாள். பழைய மரக்கட்டையோடு இருந்த காலி ரைபிளைக் கொடுத்தாள்.

“படுத்துக்கிட்டுக் கண்ண மூடிப் பிடிங்க. அப்புறம் கீழ வைங்க. திரும்பவும் பிடிங்க.”

“எத்தனை தடவை?”

“உங்களுக்குக் கோவம் வார வரைக்கும்.”

நான்காவது தடவையே கோபம் வந்துவிட்டது. ஆனாலும் ஏழு தடவை பிடித்தாள். எழுந்து பார்த்தபோது மரத்தில் ஒரே இடத்தில் வெள்ளையாக ஒரு கை பதிந்திருந்தது. ஏழும் ஒன்றின்மேல் ஒன்று.

மதுரவல்லி மூன்று குழாய்களையும் அந்த அடையாளத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். குட்டையானது கை நிற்கும் இடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. நீளமானது கையைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. நடுவில் உள்ளது, பக்கவாட்டில் இரண்டு வரிசை ஓட்டைகள் போட்டது, கைக்கு முன்னால் நாலு விரல் விட்டு முடிந்தது.

“இதுதான் சரியா வருது. ஆனா பெரிய பெரிய ஷூட்டர்ஸ் எல்லாம் நீளமானதுதான் வச்சிருக்காங்க. படத்துல பார்த்திருக்கேன்.”

“அவங்க கையில பொடி பூசிப் பாத்தீங்களோ?”

மதுரவல்லி நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்தாள்.

“பாருங்க, எப்படியும் நானேதான் எடுத்தேன். அப்ப நீங்க எதுக்கு?” என்றாள்.

“பொடி நசுக்க” என்றாள் இசக்கி.

மாட்டும்போதும் தகராறு. இசக்கி பின்முனையில் திருகுகளை ஒவ்வொன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினாள். ஸ்பேனர் ‘டக்’ என்றதும் நிறுத்தினாள். அதற்குமேல் ஒரு சுற்றும் இல்லை.

மதுரவல்லி முன்முனையை உற்றுப் பார்த்தாள்.

“முன்னாடி எதுவுமே பிடிச்சுக்கலையே.”

“பிடிக்கக் கூடாதுல்லா.”

“ஒரு ரப்பர் வளையமாவது போடுவோம். மெல்லிசா.”

“வேண்டாம்.”

“வாத்தியாரே, இத்தனை நீளப் பேரல் அந்தரத்துல நிக்குது. அதுக்கு யார் துணை?”

“அதுக்கென்னத்துக்குத் துணை?”

மதுரவல்லி குனிந்து முன்முனையை இன்னொரு தடவை பார்த்தாள். 

இசக்கி பழைய டார்கெட் அட்டை ஒன்றின் ஓரத்தைக் கிழித்தாள். விரல் அகலத்தில் ஒரு துண்டு. பேரலுக்கும் ஹேண்ட்கார்டுக்கும் நடுவில் அதை நுழைத்தாள். முன்முனையிலிருந்து பின்முனைவரை, பேரலைச் சுற்றி எல்லாப் பக்கமும், அது எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

“ஆச்சு. இந்தக் காயிதத்தப் பத்திரமா வச்சுக்கிடுங்க.”

“எதுக்கு?”

“வச்சுக்கிடுங்களேன்.”

மதுரவல்லி அதைத் தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

எட்டு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. வாரை இறுக்கினாலும் தளர்த்தினாலும் குண்டு ஒரே இடத்தில் விழுந்தது. ஸ்டாஃப் ரூமில்கூட அவள் பாட்டு முணுமுணுத்ததாக ஒரு பேச்சு உண்டு.

ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை.

கழகத்தில் அன்று யாரும் சுடுவதில்லை. எல்லா ரைபிள்களையும் காலி செய்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் தனியே கழற்றி, பாயில் வரிசையாகக் கிடத்தி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பிறகு மஞ்சளில் நனைத்த நூல்கயிறு ஒன்றை ரைபிளில் கட்டுவார்கள். கட்டிய கயிற்றை அறுப்பதில்லை. தானாக இற்று விழும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும்.

இசக்கி ஆளுக்கு இரண்டு முழம் கயிறு கொடுத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்களே கட்டிவிடுங்க வாத்தியாரே.”

“உங்க ரைபிளு. நீங்க கட்டுங்க.”

“உங்க கையால கட்டினா எனக்கு ஒரு தைரியம்.”

“எல்லாருமே அவங்கவங்கதாம் கட்டுதாங்க, அக்கா.”

சொல்லிவிட்டு இசக்கி அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

மதுரவல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை ஹேண்ட்கார்டின் முன் ஓட்டைகளில் விட்டு எடுத்து, விட்டு எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றினாள். மூன்று முடிச்சுப் போட்டாள். கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள்.

பூஜை முடிந்த மறுநாளே குண்டுகள் சிதறத் தொடங்கின.

சிதறியதில் ஒரு ஒழுங்கு இருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று நடுவில், பத்துப் புள்ளி வட்டத்தில் விழும். அடுத்தது எட்டில். வாரைக் கொஞ்சம் தளர்த்தினால் வலது பக்கம் போகும். மறுபடி அதே அளவு தளர்த்தினால் போகாது. மதுரவல்லி நோட்டுப் போட்டு எழுதினாள். காற்றின் திசையை எழுதினாள். வெயிலை எழுதினாள். காலையில் குடித்த காப்பியைக்கூட எழுதினாள்.

“தோட்டா சரியில்ல” என்றாள் முதல் நாள்.

இசக்கி வேறு பெட்டி உடைத்துக் கொடுத்தாள். மாற்றம் இல்லை.

“திருகு தளர்ந்திருக்கும்” என்றாள் மூன்றாம் நாள்.

இசக்கி ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தாள். எல்லாத் திருகும் ‘டக்’ என்றது.

“அப்ப என் கண்ணு.”

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணிலும் ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள் அவள் சொன்னாள்: “தேர்வு வேணாம்னு என் உடம்பே முடிவு பண்ணிடுச்சு போல.”

“உடம்பு அப்படில்லாம் கூட்டம் போட்டு முடிவு பண்ணாது” என்றாள் இசக்கி. ஆனால் அவளும் அன்று வெகுநேரம் அந்த டார்கெட் அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் மதுரவல்லி ரைபிள் பெட்டியோடும் ஒரு கடிதத்தோடும் வந்தாள். ரைபிளைக் கழகத்திடம் ஒப்படைக்கும் கடிதம். கையெழுத்துகூடப் போட்டிருந்தாள். தேதி மட்டும் போடவில்லை.

இசக்கி கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் மதுரவல்லி.

“என்னக்கா?”

“ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா? ‘போகாதீங்க’ன்னு ஒரு வார்த்தை வராதா உங்க வாயில?”

“உங்க கடுதாசி. நான் என்ன சொல்ல?”

“இதுதான். இதேதான்! ஹேண்ட்கார்டு எதுன்னு கேட்டா நீங்களே எடுங்க. கயிறு கட்டுங்கன்னா நீங்களே கட்டுங்க. பத்து நாளா குண்டு கண்ட இடத்துல போகுது, நீங்க பின்னாடி பத்தடி தள்ளி ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கீங்க. மத்த கோச்சுங்களைப் போய்ப் பாருங்க. பக்கத்துலயே நிக்கறாங்க, முழங்கையைப் பிடிச்சுத் திருத்தறாங்க, தண்ணி எடுத்துக் கொடுக்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு வாத்தியார்? காலேஜ்ல ஒருத்தர் கேக்கறார், ‘மேடம், பேரன் பேத்தி எடுக்கற வயசுல துப்பாக்கி எதுக்கு’ன்னு. அவருக்கு அம்பத்தெட்டு வயசு. கிரிக்கெட் ஆடறார். அவரை ஒருத்தர் கேக்கறதில்ல! அந்த ஆளுக்குப் பதில் சொல்லலாம். இந்த ரைபிளுக்கு நான் என்ன பதில் சொல்ல? உங்களுக்குத் தெரியலையா, தெரிஞ்சும் சொல்லலையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தெரியல” என்றாள் இசக்கி.

மதுரவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. தெரிந்தே சொல்லாமல் இருக்கிறாள் என்பதற்குத்தான் அவளிடம் வாதங்கள் தயாராக இருந்தன.

“தெரியலையா?”

“பத்து நாளா நானும் தேடிக்கிட்டுத்தாம் இருக்கேன். கெடைக்கல.”

மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. 

“சரி” என்றாள் மதுரவல்லி. குரல் இறங்கியிருந்தது. “கடைசியா அஞ்சு குண்டு சுட்டுட்டுக் கொடுத்துடறேன். அதுக்காவது பக்கத்துல வாங்க. தோளைப் பிடிச்சுக்கோங்க. ஒரு தடவையாவது.”

இசக்கி வந்தாள். மதுரவல்லி படுத்து, வாரை மாட்டி, ரைபிளைத் தோளில் சாய்த்தாள். இசக்கி அவள் அருகே முழங்காலிட்டு, ஒரே ஒரு விரலை அவள் தோளில் வைத்தாள்.

முதல் குண்டு ஏழில் விழுந்தது. அடுத்தது எட்டு. மூன்றாவது மறுபடி ஏழு.

“வாத்தியாரே, அழுத்தாதீங்க.”

“அழுத்தல. வெறும் வெரலு.”

“வெறும் விரலா? மூச்சு விடறப்பல்லாம் தோள்ல ஏதோ முட்டுது. குண்டு கிளம்பற நேரம் எனக்கு அந்த விரல் மட்டும்தான் தெரியுது. எடுங்க. தயவு செய்து எடுங்க.”

“நீங்கதானக்கா கேட்டீங்க.”

“கேட்டேன். இப்ப எடுங்கன்னும் நான்தான் சொல்றேன்.”

இசக்கி விரலை எடுத்தாள். எடுத்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரைபிளைப் பார்த்தாள். முன்முனைவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

“அக்கா, சுடாண்டாம். போல்ட்டக் கழத்தி வைங்க. அந்தக் காயிதம் இருக்கா?”

“எந்தக் காகிதம்?”

“பத்திரமா வைங்கன்னு குடுத்தது.”

மதுரவல்லி போல்ட்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தேடினாள். துடைக்கும் துணிக்கு அடியில் இருந்தது. இசக்கி அதை வாங்கவில்லை.

“நீங்களே விட்டுப் பாருங்க.”

மதுரவல்லி துண்டைப் பேரலுக்கும் ஹேண்ட்கார்டுக்கும் நடுவில், பின்பக்கத்து ஓட்டை வழியாக விட்டு முன்னால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்முனைக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது நின்றது. இன்னொரு பக்கம் விட்டாள். அங்கும் நின்றது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். காகிதம் மடங்கியது. வெளியே இழுத்தபோது அதன் நுனி மஞ்சளாக இருந்தது.

மதுரவல்லி குனிந்து ஓட்டைக்குள் பார்த்தாள்.

மூன்று சுற்றும் ஹேண்ட்கார்டின்மேல் மட்டும் போகவில்லை. ஓட்டைக்குள் போன கயிறு பேரலையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. மஞ்சள் காய்ந்து, கயிறு குச்சி மாதிரி விறைத்து, பேரலையும் ஹேண்ட்கார்டையும் ஒன்றோடு ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. வாரை இழுக்கும்போதெல்லாம் அந்த இழுப்பு ஹேண்ட்கார்டு வழியாகவும் கயிறு வழியாகவும் பேரலுக்குப் போயிருக்கிறது.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அலைகளும் அதிர்வுகளும். பதினெட்டு வருடம்.

“நீங்க பார்க்கலையா இதை?” என்றாள். 

“தெனமும் பாத்தேன். எல்லா ரைபிளுலயும் கயிறு இருக்கு. அதனாலயே பாக்கல.”

“மத்தவங்க எங்க கட்டியிருக்காங்க?”

“பின்கட்டையில. தோள்ல சாய்க்குற எடத்துல.”

“எனக்கு யாரும் சொல்லலையே.”

“எல்லாரும் அங்கதான கட்டுதாங்க. சொல்லணும்னு எனக்கும் தோணல. அது என் தப்புதான்.”

தப்பு என்று அவளே ஒத்துக்கொண்டபின் எப்படிச் சண்டை போடுவது? மதுரவல்லி கயிற்றைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“நான் வேண்டிக்கிட்டுக் கட்டினது.”

“தெரியும். பாத்தேன்.”

“அறுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்ப என்ன பண்றது? அறுத்தா பாவம், அறுக்கலன்னா ஏழு. ரெண்டுல எது? இதையாவது நேரா சொல்லுங்க வாத்தியாரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“முடிச்சு போட்டது யாரு?”

மதுரவல்லி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ரைபிளை மடியில் போட்டுக்கொண்டாள். முடிச்சுகள் கல்லாகியிருந்தன. நகத்தால் நெம்பினாள். தண்ணீர் தொட்டுத் தொட்டு நனைத்தாள். முதல் முடிச்சுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவதில் ஒரு நகம் உடைந்தது. இசக்கி மேஜையருகே நின்று வேறு ஒரு ரைபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை. மதுரவல்லியும் கேட்கவில்லை.

மூன்றாவது முடிச்சும் அவிழ்ந்தது. கயிறு முழுதாக, அறுபடாமல் வெளியே வந்தது. மதுரவல்லி அதைப் பின்கட்டையில் சுற்றிக் கட்டினாள். பிறகு காகிதத் துண்டை எடுத்து, மடங்கிய நுனியை நீவிவிட்டு, மறுபடி உள்ளே விட்டாள். முன்முனைவரை போய் வந்தது. எல்லாப் பக்கமும்.

படுத்தாள். வாரை இறுக்கி ஐந்து, தளர்த்தி ஐந்து சுட்டாள்.

இசக்கி போய் அட்டையை எடுத்து வந்தாள். நடுவில் ஒற்றை ஓட்டை மாதிரி இருந்தது. கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும்.

மதுரவல்லி அட்டையைப் பார்த்தாள். மேஜைக்குப் போய், ஸ்பேனரைத் தூக்கி, கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை தேர்வாகலைன்னா இதுக்குத் தேதி போடுவேன்” என்றாள்.

“சரி.”

“ஆனா அன்னைக்கு நீங்க வரணும். ஸ்டூலை எல்லாம் தூக்கிட்டு வரக் கூடாது. பத்தடி கித்தடி எல்லாம் கிடையாது. விரலை வச்சீங்கன்னா கத்துவேன், அதையும் சொல்லிடறேன். ஆனா நீங்க அங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்.”

“வாரேன்.”

“வாரேன்னா எப்படி? எங்க நிப்பீங்க? எவ்வளவு பக்கத்துல?”

இசக்கி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். கீழே கிடந்த காகிதத் துண்டைக் குனிந்து எடுத்து, மதுரவல்லியின் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மூடினாள்.

“இந்தக் காயிதம் நுழையுற அளவுக்கு.”